இரண்டு பேருக்கான அறை

அறைக்குள் இருந்தவர்கள்:

அப்பா நல்லுசாமி, கட்டிலில்.
அம்மா சண்முகவள்ளி, கட்டிலின் இன்னொரு ஓரத்தில்.
அம்மாவின் தம்பி அய்யனார் மாமா, சன்னல் விளிம்பில்.
பெரியம்மா புவனேஸ்வரி, தரையில், கால் நீட்டி.
நான், குளியலறைக் கதவில் சாய்ந்து.
ஒரு கோழி. யாரும் கூப்பிடவில்லை.
விருந்தாளி மஹ்ஜபீன், இருந்த ஒரே நாற்காலியில், மடியில் பையோடு.

அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரண்டு பேருக்கென்று நான் வரைந்தது. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், சிறுமலையைப் பார்த்து நிற்கிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியது.

இதை வரைய நான் எதுவும் படிக்கவில்லை. மூன்று வருடம் நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்தேன். காலையில் வந்து படுத்தால் அரைமணிக்கு ஒருமுறை யாராவது கதவைத் திறந்து, "தூங்கிட்டியா?" என்று கேட்பார்கள். தாழ்போட்டால் இன்னும் மோசம். எங்கள் ஊரில் பகலில் ஒருவன் உள்ளே தாழ்போட்டால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். வேலையை விட்டேன். யாரும் திறக்க முடியாத ஓர் அறை கட்டவேண்டும் என்பது மட்டும் மண்டையில் நின்றுவிட்டது.

கட்டியது மாமா. முப்பது வருடமாகக் கிணற்று மோட்டார் ரூம் கட்டும் கொத்தனார். பழக்கதோஷத்தில் இதற்கும் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்துவிட்டார்.

"உள்ள இருந்து எப்படிப் பூட்டுறது?" என்றேன்.

"மோட்டாரு பூட்டிக்கிடுமாக்கும்?" என்றார்.

திண்டுக்கல் போய், உள்ளிருந்தும் சாவி போடக்கூடிய பூட்டு வாங்கி நானே மாட்டினேன்.

இன்று காலை அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எவராவது ஒருத்தர் உள்ள பூட்டிக்கிட்டு ஒரு ராத்திரி தங்கட்டும், ஒத்துக்கிறேன். இல்லேன்னா நாளைக்குக் காலைல உரமூட்டைய அடுக்கிருவேன்." பன்னிரண்டு மூட்டைகள் ஏற்கெனவே வாசலில் இறங்கியிருந்தன.

மஹ்ஜபீன் சென்னையிலிருந்து வந்தவர். இப்படிப்பட்ட அறைகளை ஃபோனில் காட்டி ஆள் அனுப்பும் கம்பெனியில் வேலை. ஓர் இரவு தங்கிப் பார்த்து, பிடித்தால் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். மூன்று மணிக்கு வந்தார். இப்போது ஐந்து. இன்னும் பையைக் கீழே வைக்கவில்லை. வந்தவரைத் தனியாக விடுவது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு.

"ஏந்தாயி, கூட யாரும் வரலயா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, தனியாத்தான்."

"ஆத்தீ! பயப்படாத. நாங்க இங்கயே படுத்துக்கிறோம்."

பெரியம்மா பாயைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மஹ்ஜபீன் என்னைப் பார்த்தார். "இந்த இடத்தோட சிறப்பு என்னன்னு எழுதியிருந்தீங்க?"

"தனிமை" என்றேன்.

கோழி கட்டிலில் ஏறியது.

"அப்புறம் மலை தெரியும்னு."

மலை தெரியவில்லை. அம்மா தன் சின்னாளப்பட்டிச் சேலையைக் கண்ணாடி முழுக்கக் கட்டியிருந்தாள். பொம்பளைப் பிள்ளை தங்குகிற இடத்தை ஆடு மேய்க்கிறவன் எட்டிப் பார்ப்பானாம்.

"கண்ணாடியே வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்றார் மாமா.

"சேல கெடக்கட்டும். உரத்துக்கு வெயில் ஆகாது" என்றார் அப்பா.

மஹ்ஜபீன் எழுந்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும்; மூட்டைகள் பக்கம் பார்த்தார்.

"ஒரு ஃபோட்டோ எடுக்கணும்" என்றார் மஹ்ஜபீன். "உங்க குடும்பத்தோட. நீங்க எல்லாரும் வெளிய நிக்கணும், நான் உள்ள இருந்து கண்ணாடி வழியா எடுப்பேன். பின்னாடி மலை வரணும்."

இரண்டு மணி நேரம் நான் கண் காட்டியும் நகராதவர்கள் ஒரு நிமிடத்தில் எழுந்தார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். பெரியம்மா கோழியைத் தூக்கி இடுக்கிக்கொண்டார்.

"சேல மறைக்குமே, எங்க மூஞ்சி எப்படித் தெரியும்?" என்று அம்மாவே முடிச்சை அவிழ்த்து உருவினாள். சிறுமலை வந்துவிட்டது.

வெளியே யார் நடுவில் நிற்பது என்று தகராறு. அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நடுவில் நின்றார். "பெரியவனையும் வரச் சொல்லு" என்று கத்தினாள் அம்மா. பெரியவன் நான்தான்.

"ஃபேன் சுவிட்ச் கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்று ஆரம்பித்தேன்.

"பாத்துக்கிறேன். உங்க இடம் அந்த வரிசையில இருக்கு" என்றார் மஹ்ஜபீன். பையைக் கீழே வைத்தார்.

படியில் இறங்கினேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பட்டப்பகலில், சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.