பக்கவாட்டுத் தோற்றம்

ரிவால்வர் காவல் நிலையத்து இரும்பு அலமாரிக்குள் போய் எண்பத்தொரு நாள்கள் ஆகியிருந்தன. நந்தகுமாரும் எண்ணிக்கொண்டிருந்தார், அவர் மனைவி பானுவும் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் எண்ணியது அது திரும்பி வரும் நாளுக்காக. அவள் எண்ணியது அது வீட்டில் இல்லாத நாள்களை.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் போய் வாங்கிக்கொள்ளலாம். அதை வாங்கிய முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ தேர்தல்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் நந்தகுமார், பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருபவர்போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார். இந்த முறை மட்டும் பானு, "இன்னிக்கே குடுத்துட்டு வந்துடுங்க" என்று விரட்டினாள்.

அவர் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெட்டுகுடாவில் ஒரு ரயில்வே அதிகாரி ஊரைக் காலி செய்தபோது அவரிடமிருந்து வாங்கிய வெப்லி அது. துப்பாக்கிக்குத் தொண்ணூறு வயது இருக்கும். சுட்டுப் பார்க்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. பார்த்துக்கொண்டிருக்கத்தான் வாங்கினார்.

"இந்த நீலத்தப் பாரு பானு. இது பெயிண்ட் இல்ல. இரும்போட சொந்தத் தோல்."

மாதத்தின் முதல் ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரியும். அதன்மேல் ரிவால்வரைப் படுக்க வைப்பார். குழலின் நுனியில் தொடங்கி, உருளையின் மேடு ஏறி, பிடியின் வளைவில் இறங்கும்வரை ஒரே கோடு. அந்தக் கோட்டைத் தொடாமல் காற்றில் விரலால் வரைந்து காட்டுவார். "எங்கயாவது தடுக்குதா?" தடுக்காது. மழையில் நனைந்த புறாவின் கழுத்து மாதிரி மின்னும். அழகுதான். பானு அதை ஒருபோதும் மறுத்ததில்லை. பென்சிலால் அவரே வரைந்த படம் ஹாலில் சட்டம் போட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு ஸ்மிதா, "கல்யாண ஃபோட்டோவே இதுக்கு அப்புறம்தானா ஆன்ட்டி?" என்று கேட்டபோது, "நான் பெரிய வீடு, அது சின்ன வீடு" என்று பானு சிரித்திருக்கிறாள்.

அவரிடம் ஒரு விதி உண்டு. குழல் எப்போதும் சுவரைப் பார்க்க வேண்டும். காலியாக இருந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். யாராவது அறைக்குள் வந்தால் முதலில் குழல் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அப்புறம்தான் வந்தவர் முகத்தைப் பார்ப்பார்.

ஒப்படைப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, அவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டது. பானு குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினாள். பதினோரு நிமிடம். தெளிந்து எழுந்தவர், "என்ன ஆச்சு?" என்றார்.

"மயங்கிட்டீங்க. வேற ஒண்ணுமில்ல."

அவர் நம்பினார். ஊசி மருந்தின் அளவை டாக்டர் குறைத்தார். ஆனால் இனி அப்படி வரவே வராது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

அதன்பிறகு பானு சொல்லாத காரணம் இல்லை. துப்பாக்கியைத் திரும்ப வாங்க வேண்டாம், நிலையத்துக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள்.

"லீவுக்குப் பேத்தி வர்றா."

"பீரோவுக்கு ரெண்டு சாவி இருக்கு."

"வயசாச்சுங்க."

"யாருக்கு, எனக்கா, அதுக்கா?"

"சுகர வச்சுக்கிட்டு..."

"சுகர் எனக்குத்தானே. அதுக்கு இல்லையே."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். உண்மையான காரணம் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போனது. சொன்னால் துப்பாக்கி போய்விடும். அது சரி. ஆனால் அந்த விதியும் சேர்ந்து போய்விடும். அது போனால் இந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

எண்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு இருவரும் நிலையத்துக்குப் போனார்கள். தலைமைக் காவலர் லட்சுமணனும் தமிழர்; அப்பா ரயில்வே பணிமனையில் இருந்தவர். நந்தகுமாரைக் கண்டதும் லட்சுமணன் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். சம்சாரத்த அழைச்சிட்டுப் போக வந்தீங்களா?"

"ஹவ், ஆமா. ஒழுங்கா சோறு போட்டீங்களா?"

"ஏசி நக்கோ, வேண்டாம்னு சொல்லிடுச்சு சார். மத்தபடி சௌக்கியம்."

துணிப்பொட்டலம் வந்தது. நந்தகுமார் முடிச்சை அவிழ்த்து, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேசையில் படுக்க வைத்தார். ஜன்னல் வெளிச்சம் அந்த நீலத்தின்மேல் விழுந்தது. கணினி முன் இருந்த கான்ஸ்டபிள் நாகம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்த பாகுந்தி சார்!" என்ன அழகு என்று தெலுங்கில் வியந்தாள்.

பானுவும் பார்த்தாள். எண்பத்தொரு நாளில் அது கொஞ்சமும் மாறவில்லை. அதே கோடு, எங்கும் தடுக்காத கோடு.

தோட்டாப் பெட்டியையும் எண்ணிப் பார்த்தார்கள். இருபது. கணக்கு சரி. பெட்டியில் ஆறு தோட்டாக்களைத் திரும்ப வைத்தது யார் என்று அந்தக் கணக்கில் தெரியாது.

லட்சுமணன் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து."

நந்தகுமார் பேனாவைத் திறந்தார். நாகம்மாவின் வியப்பு அவரை விட்டு இறங்கவில்லை. "அழகு மட்டும் இல்லம்மா, ஒழுக்கம். முப்பத்து மூணு வருஷத்துல ஒரு மனுஷ முகத்துக்கு நேரா இது திரும்பினதே இல்ல. கேளுங்க, இவளையே கேளுங்க."

எல்லாரும் பானுவைப் பார்த்தார்கள். அவள் கையை நீட்டிப் பதிவேட்டின் மேல், கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்தாள்.

"என்ன பானு இது?"

"போடாதீங்க."

"வீட்ல பேசி முடிச்சாச்சு. எல்லார் முன்னாடியும் ஏன்..." அவர் குரல் இறங்கியது. "சரி, இதுவரைக்கும் சொல்லாத காரணம் ஒண்ணு இருந்தா சொல்லு. போடல."

லட்சுமணன் ஃபைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார். பானு துப்பாக்கியைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்தாள்.

"அந்த வியாழக்கிழமை மொதல்ல நீங்க மயங்கலீங்க. பீரோவத் திறந்து இத எடுத்துட்டு வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னீங்க. 'எவரு நுவ்வு'ன்னு கேட்டீங்க, யாரு நீன்னு, தெலுங்குல. எங்கிட்ட நீங்க தெலுங்கு பேசினதே இல்ல. இத்தன வருஷமா நான் இத ஒரு பக்கமாத்தான் பார்த்திருக்கேன், அந்தப் படத்துல இருக்கற மாதிரி. அன்னிக்குத்தான் முன்னாலேர்ந்து பார்த்தேன். நடுவுல ஓட்டை. ரெண்டு பக்கமும் குண்டோட மூக்கு. என் முகத்துக்கு நேரா இருந்துதுங்க. உள்ள ஆறும் இருந்துது."