முழங்கால் பட்ட இடம்

கல்யாணமாகி நாற்பத்தோராம் நாள் காலை, ரசமட்டக்காரர் வீட்டுப் படுக்கையறையின் சிமெண்டுத் தரை அவர் மனைவியின் முழங்கால்களுக்குக் கீழே பிசைந்த மாவைப் போல அமுங்கிக் கொடுத்தது. ஆழம் கால் அங்குலம். அவள் ஜெபத்தை முடித்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். ரசமட்டக்காரர்தான் அன்று வேலைக்குப் போகவில்லை. தரை போடுவது அவர் தொழில். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும்; ரசமட்டத்தை எந்த மூலையில் வைத்தாலும் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நட்டநடுவில் வந்து உட்காரும். அதனால்தான் ஊர் அவருக்கு அந்தப் பெயர் வைத்தது. அப்பேர்ப்பட்டவரின் சொந்த வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே இரண்டு குழி. சாந்து குழைத்து, கரணையால் பூசி, மட்டமாக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். சாந்து நன்றாக இறுகட்டும் என்று அவள் ஒரு வாரம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் முழங்கால் போட்டாள். அந்தப் பக்கமும் அமுங்கியது.

இப்படியே வருஷங்கள் ஓடின. சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மொசைக் போட்டார், மொசைக்கைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டார். டைல்ஸ் உடையவில்லை, விரியவில்லை. தலையணையைப் போலக் குழிந்து மட்டும் கொடுத்தது. கரையானோ, கீழே தூர்ந்த கிணறோ என்று தோண்டிப் பார்த்தார்கள். ஒரு முழ ஆழத்தில் பாறை இருந்தது. சபைப் போதகர் வந்து அதே இடத்தில் அரைமணி நேரம் முழங்காலில் நின்று பார்த்தார். தரை அசைந்துகொடுக்கவில்லை. அவர் எழுந்து போனார்; அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மகள் பிறந்து, தவழ்ந்து, அந்தக் குழிகளில் பொம்மைகளைப் படுக்கவைத்து விளையாடி, வளர்ந்து, கல்யாணமாகிப் போனாள். அந்தக் கல்யாணத்துக்கு வீடு நிறைய ஆள் வருமே என்று, கடையில் இருந்ததிலேயே கெட்டியான கிரானைட்டை இழைத்துப் போட்டார். அது ஒரு வாரம் தாங்கியது. அதோடு ரசமட்டக்காரர் அந்த அறையைக் கைகழுவிவிட்டார். குழிகள் தம் போக்கில் ஒன்றரை அங்குலம் வரை இறங்கின. தரை துடைத்தால் அதில் தேங்குகிற தண்ணீரைப் பூனை வந்து குடித்துவிட்டுப் போகும்.

அவர் கடவுளை மறுக்கிறவர் அல்ல. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார். முழங்கால் போடுவதில்தான் தகராறு. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை முழங்காலில்தானே கிடக்கிறேன், வீட்டிலும் அதே வேலையா என்பார். ஒருமுறை மனைவியையே கேட்டார்.

"ஏம்மா, கட்டில்ல உக்காந்துக்கிட்டு ஜெபம் பண்ணா அவருக்குக் கேக்காதா?"

"அவருக்குக் கேக்குங்க. எனக்குத்தான் தூக்கம் வந்துடும்."

அவள் ஜெபத்தில் கேட்பது கொஞ்சம், நன்றி சொல்வதுதான் மிச்சமெல்லாம். குழாயில் தண்ணீர் வந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம். இஸ்திரி மெஷினில் கை மாட்டாமல் தப்பியதற்கு ஒன்று. மூன்றாம் வார்டுப் பெரியவர் கண்ணை மூடும்போது அவருக்குக் கீழே சுத்தமான விரிப்பு இருந்ததே, அதற்கு ஒன்று. மகளுக்குக் காய்ச்சல் விட்டதற்கு, கணவர் போட்ட தரைகளில் யாரும் வழுக்கி விழாததற்கு, அவருடைய முதுகுவலி நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்பதற்கு. போர்வைக்குள் அரைத்தூக்கத்தில் கிடக்கும் ரசமட்டக்காரருக்கு அந்த வரிசை முழுவதும் மனப்பாடம். கடைசியாக வருவதுதான் அவருக்குப் பிடிக்காது. "இவரையும் ஒரு நாள் என் பக்கத்துல முழங்கால் போட வைக்கப்போறீரே ஆண்டவரே, அதுக்கும் இப்பவே ஸ்தோத்திரம்" என்பாள். நடக்காத காரியத்துக்கு முன்கூட்டியே நன்றியா என்று அவர் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வார். முப்பத்துமூன்று வருஷம், ஒரு நாள் விடாமல் அவள் சொன்னாள். ஒரு நாள் விடாமல் அவர் மூடிக்கொண்டார்.

அந்த வருஷத்து மழை முடிந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, நினைவு தப்பி, தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே போய்ப் படுத்தாள். சலவைக்கூடத்துப் பெண்கள் இஸ்திரிச் சூடு ஆறாத விரிப்பாகப் பார்த்து அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள், மாற்றுச்சட்டை எடுக்க வீட்டுக்கு வந்த ரசமட்டக்காரர் படுக்கையறையில் நின்றார். குழிகள் மேலே வந்திருந்தன. ஒன்றரை அங்குலம் இருந்தது இப்போது முக்கால்தான். கல்லுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அவருக்கு மெய்யாகவே சந்தோஷம். நின்றபடியே ஒரு டீ போட்டுக் குடித்தார். ரசமட்டத்தை எடுத்துவந்து குழியின் மேல் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றபோதுதான், தரை ஏன் நிரம்புகிறது என்பது அவருக்கு உறைத்தது. முக்கால் அங்குலம், நாளுக்குக் கால் அங்குலம். இன்னும் மூன்று நாள். அதற்குப் பிறகு இந்த அறையில் அவள் இருந்த அடையாளமே இருக்காது; அவளும் இருக்கமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

வருஷக்கணக்கில் அந்தக் குழிகளை மூடிமூடிப் பார்த்தவர் உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்து அவற்றைத் தோண்ட ஆரம்பித்தார். உளி மழுங்கியது. மிச்சமிருந்த கிரானைட் துண்டுகளைப் பாரமாக அடுக்கிவைத்தார். மறுநாள் அவற்றையும் தூக்கிக்கொண்டு தரை கால் அங்குலம் மேலே வந்திருந்தது. மகள் வந்து, ஆஸ்பத்திரியில் இல்லாமல் இங்கே என்ன செய்கிறீர்கள் அப்பா என்று கேட்டாள். தரை வேலை என்றார். அவள் அழுதுகொண்டே போனாள்.

ஆறாம் நாள் காலை ஐந்து மணிக்கு, குழிகளில் ஒரு நகக்கனம் மிச்சமிருந்தபோது, அவர் அவற்றின் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவளுடைய குழிக்குள் அவர் முழங்கால் அடங்காது. சொந்தமாக ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. அதனால் அவளுடைய வரிசையையே எடுத்தார். குழாயில் தண்ணீர் வந்ததற்கு, இஸ்திரி மெஷினுக்கு, மூன்றாம் வார்டுப் பெரியவருக்கு, மகளுக்கு, யாரும் வழுக்கி விழாததற்கு, தன் முதுகுக்கு. கடைசி இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"கடைசில அவ ஒண்ணு சொல்லுவா ஆண்டவரே," என்றார். "அது நடந்துடுச்சு. ஸ்தோத்திரம்."

கிரானைட் அவருக்குக் கீழே அமுங்கிக் கொடுத்தது. ஆழம் கால் அங்குலம்.

அன்று மத்தியானம் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். பதினெட்டாம் நாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய குழிகள் நகக்கனத்தோடு நின்றிருந்தன. பக்கத்தில் புதிதாக இரண்டு, அகலமாக, கொஞ்சம் கோணலாக. அவள் வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள்.

"என்னங்க, தரையக் கெடுத்துட்டீங்களே."

"தரை கெடக்குது, விடு. நீ உக்காரு."

அதன்பிறகு அவளால் முழங்கால் போட முடியவில்லை. அவர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவள் அதில் உட்கார்ந்து, தூங்கிவிடாமல் ஜெபித்தாள். மாதம் முடிவதற்குள் நாற்காலியின் நாலு காலும் இறங்கிவிட்டன. பூனைக்கு இப்போது எந்தக் குழியில் குடிப்பது என்பதுதான் யோசனை.

ரசமட்டக்காரர் இன்னும் வேலைக்குப் போகிறார். புதுவீட்டுக்குத் தரை போடக் கூப்பிட்டால் முதலில் கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுக்கொள்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் முழங்கால் போடும் அளவுக்கு, இறங்குவதற்கு இடம் வேண்டுமே என்று, சாந்தை ஒன்றரை அங்குலம் கூடுதலாகப் போடுகிறார். அதற்குத் தனிக்கூலி வாங்குவதில்லை.