அறுபது பேரின் எச்சில்

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள்: மரபணு ஆய்வகத்தின் மேலாளர், அங்கே சோதனை பார்க்கும் அண்ணி, வீடு வீடாகப் போய் எச்சில் சேகரித்து வந்த அவள் கொழுந்தன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அண்ணிதான். அவன் மாட்டினால் அவளுக்கும் சீட்டுக் கிழியும்.

மலைமேட்டுக் குடியிருப்பில் அவன் நிரப்பி வந்த அறுபது டியூபில் ஏறக்குறைய எல்லாமே ஒருவருக்கொருவர் சொந்தம் என்றது கணினி.

“ஒரே வீட்டுல சம்மணம் போட்டு உட்கார்ந்து மொத்தத்தையும் முடிச்சிட்டியாப்பா?” என்றார் மேலாளர்.

“அறுபது பேர் இருக்குற வீடு கிடைச்சா நானே அங்க குடிபோயிடுவேன் சார். ஒரு வாய் சோறு கூடவா போடமாட்டாங்க?”

அண்ணி சிரிக்கவில்லை. பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, படம் பார்த்துவிட்டு வருகிறவன் அவன்.

ஒருவருக்கொருவர் பொதுவாக இருந்த மரபணுத் துண்டுகளின் நீளத்தை அளந்தாள். ஒரே வீட்டு ஆட்கள் என்றால் துண்டுகள் நீளநீளமாக இருக்கும். தலைமுறை கூடக்கூட அவை உடைந்து சிறுத்துப்போகும். இங்கே பொடிப்பொடியாகக் கிடந்தன. எந்தக் காலத்திலோ சில குடும்பங்கள் மலை தாண்டி வந்து, வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் தங்களுக்குள்ளேயே பெருகியிருக்கின்றன.

“அப்ப பய தப்பு பண்ணல,” என்று மேலாளர் எழுந்தார்.

அண்ணிக்கு மனசு ஆறவில்லை. பட்டியலைக் கடைசிவரை தள்ளினாள். கடைசி மூன்று டியூபில் அந்தப் பொடித் துண்டுகளே இல்லை. அந்த மூன்றுக்குள் மட்டும் நீளத் துண்டுகள். கைபட்டுக் கலந்துவிட்டதா என்று பார்க்க ஊழியர்களின் மரபணுவும் கணினியில் இருக்கும். தன்னுடையதோடு ஒப்பிட்டாள். அறுபதாவது டியூபில் பாதி அவளுடையது. அவள் மகள்.

மேலாளர் வாசலை நெருங்கிவிட்டார். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“சார், மூணு டியூப் எங்க வீட்டு எச்சில்.”

கொழுந்தன் தரையைப் பார்த்தான். “மூணு வீட்டுல கதவே திறக்கல அண்ணி. நான் ஒண்ணு, அண்ணன் ஒண்ணு, பாப்பா ஒண்ணு. சளி டெஸ்ட்டுன்னு சொன்னேன்.”

“சும்மா விட்டிருக்கலாமேம்மா,” என்றார் மேலாளர்.

“மறைச்சா மீதி அம்பத்தேழையும் எவன் சார் நம்புவான்?”

“உங்களை மட்டும் எப்படி நம்புறது? கூட்டிட்டு வந்தது நீங்கதானே. லேப் சாவியைக் கொடுங்க.”

கொடுத்தாள். கொழுந்தன் முன்னால் போக, அவள் பின்னால் நடந்தாள். அவள் வெளியே கால் வைத்ததும் மேலாளர் கதவைச் சாத்திப் பூட்டினார்.