முப்பத்தாறாவது வாக்கு

அடெரிட்டோ என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, நான் ஜெனோவேவாவின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் பதிந்த குழி நிரம்பவேயில்லை. எட்டு மாதம், வயிற்றில் இரட்டை, ரத்த அழுத்தம் நூற்றெழுபது. எதிரே தெரியும் ஃபோகு தீவில் அறுவை மருத்துவர் இருக்கிறார். எங்கள் பிராவா தீவில் மருத்துவச்சி நான் ஒருத்திதான். நடுவில் கடல். படகு ஒன்பது நாளாக வரவில்லை.

அடெரிட்டோ என் மகனுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவனுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவன் கொம்பாத்ரே. எங்கள் தீவின் நாடாளுமன்ற உறுப்பினனாக இருந்தவன், போன வாரம் அமைச்சராகிவிட்டான். படகு நின்ற ஐந்தாம் நாளே அவனிடம் முறையிட்டேன். "இன்ஜினுக்குப் பாகம் வரணும், கொமாத்ரே. கொஞ்சம் பொறுங்க" என்றான். பிள்ளை பொறுக்குமா, மடையா?

இன்றைக்குக் குரலே வேறு.

"கொமாத்ரே, உடனே தலைநகருக்குக் கிளம்புங்க. நீங்க இப்ப உறுப்பினர்."

"நானா? நான் எப்ப ஜெயிச்சேன்?"

"தேர்தல்ல நம்ம கட்சி கொடுத்த பட்டியல்ல எனக்கு அடுத்த பேர் உங்களுது. அமைச்சரானா உறுப்பினர் நாற்காலியை விட்டுடணும். அடுத்த பேர் வந்து உட்காரணும்."

பட்டியலுக்கு ஒரு பெண் பெயர் வேண்டும் என்று அவன் கெஞ்சியதால் கையெழுத்துப் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதையும் குடைந்து கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"குடியரசுத் தலைவர்தான் பிரதமரை நியமிச்சுட்டாரே, உங்களுக்கெல்லாம் உறுதிமொழியும் ஆச்சே. அப்புறம் நான் எதுக்கு?"

"அவர் நியமிச்சா மட்டும் போதாது. நாளைக்கு நம்பிக்கை வாக்கு. நாடாளுமன்றம் ஒத்துக்கலேன்னா ஆட்சி கவிழ்ந்துடும்."

"அவர் வச்ச ஆட்சியை இவங்க தூக்கிடுவாங்களா? நல்ல கூத்தா இருக்கே! கணக்கு எப்படி?"

"எதிர்ல முப்பத்தஞ்சு. நம்ம ஆள் ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு வாக்களிக்க மாட்டேங்கிறான். உங்களைச் சேர்த்தாத்தான் முப்பத்தாறு. நீங்க வரலேன்னா சமம். சமம்னா தோல்வி."

"நீயே போடேன்?"

"அதான் நாற்காலியை விட்டுட்டேனே! அங்க நான் பேசலாம், வாக்களிக்க முடியாது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வர்றேன் கொம்பாத்ரே. எதுல வர? நீந்தியா?"

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்டான். பிறகு, "மூணு மணி நேரத்துல கடலோரக் காவல் படகு வரும்" என்றான்.

இரண்டரை மணியிலேயே வந்துவிட்டது. ஒரு உயிருக்கு ஒன்பது நாளாக வராத படகு, ஒரு வாக்குக்கு வந்துவிட்டது! ஜெனோவேவாவை அவள் புருஷனின் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஃபுர்னா துறைக்குப் போனேன். சின்னப் படகு. கடலோ கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகில் ஒரு மருத்துவ உதவியாளன் இருந்தது மட்டும் ஆறுதல்.

"ஒரு ஆளுக்குத்தான் இடம். உறுப்பினர் யாரு?" என்றார் படகுத் தலைவர்.

"நான்தான். என் இடத்துல இவ போறா. ஒருத்தர் விட்டா அடுத்தவர் வந்து உட்காரணும், அதானே சட்டம்?"

அவர் திகைத்துப்போய் அடெரிட்டோவை அழைத்துத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"கொமாத்ரே, ஆட்சி போயிடும்!"

"இவ உசுரு போயிடும்! உன் ஆட்சி விழுந்தா குடியரசுத் தலைவர் இன்னொண்ணு வைப்பாரு. இவளை யாரு திருப்பி வைப்பா? இவளை ஃபோகுல விட்டுட்டு வந்து என்னைக் கூட்டிப் போகச் சொல்லு. இங்கயே நிக்கிறேன்."

படகு போனது. வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். வழியிலேயே வலிப்பு வந்தால்? நான் கூடப் போயிருக்க வேண்டுமோ? துறைக் கல்லில் உட்கார்ந்து மாதாவை வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் படகு திரும்பி வந்தது. படகுத் தலைவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "ரெண்டும் பொண்ணு! தாயும் நல்லாயிருக்கா!" நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டேதான் ஏறினேன்.

மறுநாள் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. வரிசையாகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து. கடைசியாக என் பெயர். எழுந்தேன்.

"வாக்களிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி" என்றேன். "பிராவாவுக்கு அடுத்த படகு எப்போ?"

மொத்த அவையும் அமைச்சர்கள் பக்கம் திரும்பியது. பிரதமர் அடெரிட்டோவைப் பார்த்தார். அங்கே பேச உரிமை உள்ள என் கொம்பாத்ரே எழுந்து நின்றான்.