எரிஞ்ச ஒயில்

மிசின் வாளைப் பாலை மரத்தடியில் கிடத்திவிட்டு எண்ணெய்க்காகக் காத்திருந்தார்கள் கிறகோரியும் உதவியாள் ராசுவும். வன்னியில் அக்கராயன் குளத்துக்கு அப்பால், காட்டோரம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. ராசு பற்றைகளை வெட்டி மரத்தைச் சுற்றி இடம் எடுத்திருந்தான். விழவேண்டிய பக்கத்துக்கு வடமும் இழுத்துக் கட்டியாயிற்று. இனி வாளுக்குள் ஊற்ற ஏதாவது வந்தால்தான் வேலை.

கிறகோரி முல்லைத்தீவுக் கரையில் மீன் பிடித்தவன். கடலில் இறங்கினால் நேவிக்காரன் சுடுகிறான், கரையில் நின்றால் செல் விழுகிறது என்று ஆனபிறகு மனைவி எமில்டாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். வலை போயிற்று, வள்ளம் போயிற்று. சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்த படகு மிசின் மட்டும் மிச்சம். பூநகரியில் எமில்டாவின் தம்பியிடம் ஒரு வள்ளம் மிசினில்லாமல் சும்மா கிடந்தது. இதைக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டால் கரையோரக் களப்பில் இறால் படும், மீன் படும். பிறத்தியான் வாசலில் கைகட்டி நிற்கிற பிழைப்பு முடிந்துவிடும்.

அந்த நினைப்பில்தான் மர வியாபாரி ஏரம்புவிடம் வேலைக்குச் சேர்ந்தான். இடம்பெயர்ந்த சனத்தின் கொட்டில்களுக்குக் கப்புக்கால்களும் வளைமரங்களும் அறுத்துக் கொடுக்கிற குத்தகை ஏரம்புவுடையது. மிசின் வாளும் அவருடையதுதான். "இந்தத் துண்டுக் காடு முடியட்டும். என்ர ட்ரக்டரிலையே உம்மையும் மிசினையும் பூநகரியிலை இறக்கி விடுறன்" என்று அவர் சொன்னார். கிறகோரிக்கும் வாய் சும்மா கிடக்கவில்லை. "ரண்டு ஸ்ட்ரோக் மிசினோ அண்ணை? அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. மண்ணெண்ணெயிலையே கடலை ரண்டாக் கிழிச்சவன் நான்" என்று நெஞ்சை நிமிர்த்தி விட்டான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஏரம்பு வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு, காதில் பூ. ஒரு கலன் மண்ணெண்ணெய், ஸ்ரார்ட் பண்ண மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், துணியால் வாய் கட்டிய ஒரு பெயின்ற் தகரம். மூன்றையும் நிலத்தில் வைத்தார்.

"பூசை முடியவே நேரம் போச்சு. சுறுக்கா எழும்புங்கோ, பொழுதுபடேக்கை லோட் ஏத்தவேணும்."

கிறகோரி தகரத்தின் துணியை அவிழ்த்தான். உள்ளே தார் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. நெல்லுமியும் செத்த குளவி ஒன்றும் மேலே மிதந்தன. மணம் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன அண்ணை இது?"

"ட்ரக்டருக்குள்ளாலை கழட்டின எரிஞ்ச ஒயில். வாளின்ர சங்கிலிக்கு உதைத்தானே விடுறனீர்?"

"சங்கிலிக்கு விடலாம். அது வெளியாலை ஒழுகிப் போயிடும். மண்ணெண்ணெயோட கலக்கிறது மிசின்ர வயித்துக்குள்ளை எல்லோ போகுது? பிஸ்டனை அராவிப் போடும்."

"சங்கிலிக்குச் சரியாம், வயித்துக்குப் பிழையாம். நல்ல கதை! வன்னியிலை எங்கை ஐயா நல்ல ஒயில் கிடக்கு? வவுனியாவாலை ஆமிக்காரன் ஒரு போத்தில் விடுறானோ? ஊர் முழுக்க மண்ணெண்ணெயிலை ஓடுது, உமக்கு மட்டும் சீமை ஒயில் கேக்குது."

"தேங்காயெண்ணெய் எண்டாலும் தாங்கோவன்."

"சனம் தாளிக்க எண்ணெயில்லாமல் கிடக்குது. மிசினுக்கு ஊத்தினால் பாவம் பிடிக்கும்." ஏரம்பு சிரித்தார். "மண்ணெண்ணெயிலை கடலைக் கிழிச்சனான் எண்டு சொன்னது ஆர்? நானோ?"

கிறகோரிக்குத் தன் வாயைத் தானே கிழிக்கவேண்டும் போலிருந்தது. ஏரம்பு போய்விட்டார்.

எமில்டாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று பைக்குள் கிடந்தது. அதை நாலாய் மடித்து, தகரத்து ஒயிலை மெல்ல மெல்ல வடித்தான். துணியில் மணலும் மினுங்குகிற இரும்புத் தூளும் தங்கின. வடிந்ததும் கறுப்புத்தான். மண்ணெண்ணெயில் அதை ஊற்றிக் குலுக்கிப் பார்த்தான். குறைத்து விட்டால் மிசின் இறுகும், கூட்டி விட்டால் பிளக்கில் கரி கட்டி நின்றுவிடும். இரண்டு விரலில் தொட்டு உரசினான். வழுக்கியது. படகுக்கு விடுகிற அளவைவிடக் கொஞ்சம் கூட விட்டான்.

"கடலிலையும் இப்பிடித்தானோ அண்ணை?" என்று ராசு கேட்டான்.

"சீ, இந்தக் கழிவையோ? அங்கை நல்ல ஒயில் கலந்து ஓடினது. அதோட கீழாலை கடல்தண்ணி ஏறி மிசினைக் குளிர்த்திக்கொண்டே இருக்கும்."

"இதுக்கு?"

"இதுக்குக் காத்துத்தான்."

பாலையில் ஒரு இலைகூட அசையவில்லை. கிறகோரி மேலே பார்த்தான். அந்தத் தண்ணீர் விஷயம் அவனுக்கே இப்போதுதான் உறைத்தது. ஆனால் துண்டுக் காடு முடிய இன்னும் கொஞ்ச மரம்தான். முடிந்தால் பூநகரி.

பெற்றோலை விட்டு இழுத்து, சூடேறியதும் கலவைக்கு மாற்றினான். வாள் இருமிக்கொண்டே ஓடியது. புகை முகத்துக்கு நேரே வந்தது. எரிந்த ரப்பரும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். முதல் மரம் விழுவதற்குள் ராசு பற்றைக்குள் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். கிறகோரி துப்பினால் எச்சில் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் அதுவும் கறுப்பு. கண்ணைத் துடைக்கலாமென்றால் கை முழுக்க அந்தப் பிசின். தண்ணீர்ப் போத்தலின் வாயிலும் அதே மணம்தான். என்ன சீவியமடா இது என்று வந்தது அவனுக்கு.

அடுத்த பாலையில் பாதிதான் அறுபட்டிருக்கும். வாளின் சத்தம் மெலிந்து கீச்சிட்டது. கையை எடுப்பதற்குள் ஒரு உதறு உதறி நின்றது. ராசு ஓடிவந்து ஸ்ரார்ட் கயிற்றை இழுத்தான். அசையவில்லை. கிறகோரி பிளக்கைக் கழற்றினான், விரல் வெந்தது. பிளக்கின் நுனியில் வெள்ளியாய்த் தூள் ஒட்டியிருந்தது. பிஸ்டன் உருகிப் பிடித்துவிட்டது. வாளின் அலகு மரத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

லோட் ஏற்ற வந்த ஏரம்பு வாளைப் பார்க்கவில்லை. முதலில் பெயின்ற் தகரத்தைத்தான் பார்த்தார். காலால் தட்டிக் கவிழ்த்தார். மிச்ச ஒயில் மண்ணில் ஊறியதும் சருகை அள்ளி மேலே போட்டார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

"என்னத்தையடா ஊத்தினனீ?"

"நீங்கள் தந்ததைத்தான்."

"நான் சங்கிலிக்கெல்லோ தந்தனான்? ராசு, நீ பக்கத்திலைதானே நிண்டனீ. என்ன சொன்னனான்?"

ராசுவின் கொட்டில் ஏரம்புவின் காணி வளவுக்குள் இருந்தது. அவன் கால்விரலால் மண்ணைக் கிண்டினான். "சங்கிலிக்கு எண்டுதான் சொன்னவர்" என்றான். கிறகோரி அவனைப் பார்த்தான். வாய்க்குள் கிடந்த கறுப்பு எச்சிலைத் துப்பினான். ராசுவில் வந்த வெறுப்பைவிட, தன் புளுகில் வந்த வெறுப்புத்தான் கூட.

"சரி, சரி, மனுசருக்குள்ளை சண்டை எதுக்கு?" என்று ஏரம்பு தோளில் கை போட்டார். "உன்ர கொட்டிலிலை ஒரு மிசின் சும்மாதானே கிடக்கு. வாளின்ர கணக்கை அதோட தீர்ப்பம்."

பொழுது சாயும் நேரம் ட்ரக்டர் கிறகோரியின் முற்றத்தில் நின்றது. ஏரம்பு அங்கிருந்த ஒரே கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்டார். எமில்டா கொண்டுவந்து வைத்தாள்.

"சீனி இல்லையோ பிள்ளை?"

"பனங்கட்டிதான் கிடக்கு. அதைக் கடிச்சுக் குடியுங்கோ." அவள் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். "என்ர வீட்டுத் தேத்தண்ணியையும் குடிச்சு, என்ர பிள்ளையளின்ர வாயிலையும் மண்ணைப் போடப் போறியள். உங்களுக்கு உது எப்பிடித் தொண்டையாலை இறங்குது?"

"எமில்டா, விடு" என்றான் கிறகோரி.

"ஏன் விட? கழிவு ஒயிலைத் தந்திட்டு நல்லவர் மாதிரி வந்து இருக்கிறார். தூ! அந்த மிசின் இல்லாட்டிப் பூநகரியிலை போய் என்னத்தைப் பூட்டுறது? உங்கட தலையையோ?"

ஏரம்புவுக்குக் கோபமே வரவில்லை. பனங்கட்டியைக் கடித்தார், நாக்கைச் சப்பினார். "பொம்பிளை எண்டால் கொஞ்சம் கதைக்கத்தான் செய்வா. கிறகோரி, ஓடுதோ எண்டு பாக்காமல் எப்பிடி ஏத்துறது? அந்தத் தண்ணிப் பரலிலை பூட்டி இழு பாப்பம்."

பரல் நிறைய எமில்டா குடிக்க அள்ளி வைத்த தண்ணீர். கிணறு கிட்ட இல்லை, குடம் குடமாய் இடுப்பில் சுமந்தது.

"ஐயோ, அது குடிக்கிற தண்ணி!"

"திருப்பி அள்ளலாந்தானே."

ராசு பலகையொன்றைப் பரலோடு சேர்த்துக் கட்டினான். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கட்டினான். கிறகோரி சாக்கை அவிழ்த்து மிசினைத் தூக்கி மாட்டினான். விசிறி குடிதண்ணீருக்குள் இறங்கியது.

"ஓட்டிக் காட்ட எண்ணெயில்லை" என்றான் கிறகோரி. அதையாவது சொல்ல முடிந்ததே என்றிருந்தது அவனுக்கு.

"அதுக்கென்ன? ராசு, ட்ரக்டர்ப் பெட்டியைத் திற."

ராசு கொண்டுவந்து கொடுத்தான். ஒரு போத்தல் பெற்றோல். இன்னொன்று சீல் உடைக்காத ஒயில் போத்தல், மூடியில் தூசிகூட இல்லை. ஏரம்பு பல்லால் கடித்துச் சீலை உடைத்தார். ஒயில் தேன் நிறத்தில் இருந்தது.

கிறகோரி போத்தலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இது எப்ப வந்தது?"

"எல்லாத்துக்கும் உதை ஊத்தேலுமே? இது நல்ல மிசின். முல்லைத்தீவிலை ஒருத்தருக்குப் பேசி வச்சிருக்கிறன்." போத்தலை அவன் கையில் திணித்தார். "உனக்குத்தானே அளவு தெரியும். பாத்துக் கல. மண்ணெண்ணெய் ஒரு துளி படக்கூடாது, பழுதாப் போயிடும்."

கிறகோரிக்குப் போத்தலை அவர் மண்டையில் உடைத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு குந்தியிருந்து கலந்தான். பிழையாய்க் கலக்கலாம்தான். ஆனால் அது அவனுடைய மிசின், கை கேட்கவில்லை. அளவு பிசகாமல் ஊற்றிக் குலுக்கினான்.

முதல் இழுவையிலேயே மிசின் பிடித்தது. பரல் அதிர்ந்தது, தண்ணீர் கொதிப்பதுபோல் எழும்பி விளிம்பால் வழிந்தது. மெல்லிய நீலப் புகை வந்தது. கண் எரியவில்லை, குமட்டவில்லை. சின்னவன் ஓடிவந்து, கடலுக்குப் போகப் போகிறோம் என்று நினைத்துக் கைதட்டினான்.

"போதும், போதும், ஒயில் வீணாகுது" என்றார் ஏரம்பு. மிச்ச ஒயிலின் மூடியை இறுக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மிசினை ராசு ஏற்றினான். ட்ரக்டர் புறப்படும்போது ஏரம்பு திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு வெள்ளன வந்திடு. பாலை பாதியிலை நிக்குது. கைவாள் தாறன்."

"வாறன் முதலாளி" என்றான் கிறகோரி. அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

பரலுக்குள் மிச்சமிருந்த தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்து மினுங்கியது. சின்னவன் தண்ணீர் கேட்டு அழத் தொடங்கினான். எமில்டா சிரட்டையால் மேலாக எண்ணெயை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்தாள். காறித் துப்பினாள். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி அள்ளினாள்.