மேற்படியாள்

என் கணவர் பத்திரம் எழுதுபவர். கல்யாணமான மறு மாதத்திலிருந்து அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். கட்சிக்காரர்கள் எதிரில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்குக் கூச்சம். "உக்காருங்க, மேற்படியாள் அடிச்சுக் குடுத்துடுவா" என்பார். பத்திரத்தில் வருகிற சொல்தான். மற்றவளுக்கெல்லாம் கண்ணே மணியே என்று கிடைத்ததோ என்னவோ, எனக்குக் கிடைத்தது இது. அதை நான் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிறகு முதுகு வலி வந்தது. ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் நாற்காலிக்குச் சட்டம் படித்த ஒரு பெண் வந்தாள். அவளுக்கு நான் வைத்த பேர் புதுசு. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் போதும், இவர் புதுசு புராணத்தை ஆரம்பித்துவிடுவார்.

"பழைய பத்திரத்துல நாப்பது குழி நிலம்னு இருக்கு. அது எவ்வளவும்மான்னு கேட்டேன். எந்தக் கோலால அளந்த குழி சார்னு திருப்பிக் கேக்குறா. பன்னெண்டடிக் கோல்னா ஒரு கணக்கு, பதினாறடிக் கோல்னா வேற கணக்காம்."

"அது எனக்கும் தெரியும்."

"உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுதே, அதைச் சொல்றேன்."

எனக்குத் தெரிந்ததில் அதிசயமில்லையாம். இந்தக் குழியும் கோலும் எங்கள் இரண்டு பேருக்குள் ஓடிய பேச்சு. இப்போது என்னிடம் அவர் பேசுவதெல்லாம் குழாயில் தண்ணீர் வந்ததா என்பதுதான்.

ஒரு நாள் முற்பகலில் போன் செய்து, சாப்பிட வர நேரமாகும் என்றார். சொல்லிவிட்டு அணைக்காமலே போனை மேஜையில் வைத்துவிட்டார். நானாவது அணைத்திருக்கலாம். காதில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"பாத்தியம் மேற்படியாளுக்குத்தான். சுவாதீனம்தான் கைவிட்டுப் போச்சு." இது அவர் குரல்.

"இனிமே திரும்பக் கிடைக்குமா சார்?" இது புதுசு.

"சும்மாவே இருந்தா எப்படிக் கிடைக்கும்? எந்திரிச்சு வந்து கேட்டாத்தான்."

பாத்தியம் என்றால் உரிமை. சுவாதீனம் என்றால் பொருள் கையில் இருப்பது. உரிமை ஒருத்திக்கு, பொருள் இன்னொருத்தி கையில். இதை எனக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஆபீஸ் விஷயமாக இருக்கும் என்று அறிவு சொன்னது. அறிவு சொல்லி யார் கேட்டார்கள்? மேற்படியாள் என்றால் நான்தானே. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. ஒருக்களித்து ஏற வேண்டிய படிக்கட்டு. ஏறி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. என் நாற்காலியில், என் முதுகுக்காக நான் தைத்த தலையணையில் சாய்ந்துகொண்டு புதுசு தட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி" என்றேன்.

உடனே எழுந்தாள். நான் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு? நீ எங்க இங்க?" என்றார் கணவர்.

"சுவாதீனம் எடுக்க வந்திருக்கேன். எந்திரிச்சு வந்து கேட்டாத்தான் கிடைக்கும்னீங்களே."

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அது நான்மா. என் வீட்டுல என் தம்பி உக்காந்துக்கிட்டு காலி பண்ண மாட்டேங்கறான். அதுக்குத்தான் சார் மனு எழுதிட்டிருக்காரு."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இவருக்கானால் சிரிப்பு தாங்கவில்லை.

"மேற்படியாள்னா உன் பேருன்னே நெனச்சுட்டியா? மேல யார் பேரு வந்திருக்கோ அவங்கதான் மேற்படியாள். நேத்து ஒருத்தி, இன்னைக்கு இந்தம்மா."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் வருகிறவள் போகிறவளுக்கெல்லாம் பொதுவாம்.

"அப்ப மேல என் பேரு வந்திருக்கணும்ல? எப்ப வந்துச்சு? கல்யாணமான நாள்லேருந்து ஒரு தடவையாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பெஞ்சு அம்மாள் தம்பியை மறந்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பேரே சொல்லாம மேற்படி போட்டா பத்திரம் செல்லாது சார்" என்றாள் புதுசு.

அவள் சிரிக்கவில்லை. எனக்காகப் பேசுகிறாள் என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகு அதுவும் பிடிக்கவில்லை. என் வழக்கில் வாதாட இவள் யார்?

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். பிறகு என் பேரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, நடுவில் ஒரு தடவை திக்கி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பாருங்கள், முதல் தடவை சொல்கிறவர் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா? அவளும் அல்லவா கேட்டுவிட்டாள்.