காகிதப் பையில் முகம்

சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்து ஜப்பானிய உணவகம் ஒன்றில் கேதீஸ்வரன் பதினொரு வருடமாகச் சமைத்துவந்தார். சமையலறையில் ஜப்பானியர் ஒருவரும் இல்லை. அவரும் உதவிக்கு நின்ற கிருபனும்தான். ஜப்பான் முன்சுவரில் இருந்தது: பெரிய நீல அலை, மழையில் குனிந்து ஓடும் மனிதர்கள், முறைத்துப் பார்க்கும் நாடக நடிகர்கள். எல்லாம் பழைய மரஅச்சுப் படங்களின் பிரதிகள். அதே அலை பேருந்தில் வரும் பிள்ளைகளின் சட்டையிலும் தொலைபேசி உறையிலும் இருந்தது.

வசந்தத்தில் முதலாளி புதிய காகிதப் பைகள் அடிக்க நினைத்தார். ஓர் ஓவியப் பெண்ணை அழைத்து வந்தார். அந்தக் காலத்து ஜப்பானில் நடிகர்களின் முகங்களை மரப்பலகையில் செதுக்கி, அச்சடித்து, தெருவில் மலிவாக விற்றார்களாம், சினிமா போஸ்டர் போல. பைக்கும் அப்படியொரு சமையற்காரன் வேண்டும் என்றார் அந்தப் பெண். கேதீஸ்வரனைப் பானையருகே நிறுத்தி நிறையப் படம் எடுத்தார்.

“அண்ணை, இனிச் சனம் உங்களைக் கையில தூக்கிக்கொண்டு திரியப்போகுது,” என்றான் கிருபன்.

“நீ வெங்காயத்தை வெட்டு.”

அன்றைக்கே கேதீஸ்வரன் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். நிலோஜினி ஃப்ரிபூர்க்கில் படித்தாள். தாய் இறந்த பிறகு அவள் வீட்டுக்கு வருவது குறைந்திருந்தது. பேச்சும்தான். சாப்பிட்டாயா, குளிரா, சரி வைக்கிறேன். இம்முறை அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது.

“பிள்ளை, என்ர முகம் கடைப் பையில வரப்போகுது. உங்க ஃப்ரிபூர்க் கிளையிலயும் குடுப்பினம்.”

“உண்மையாவோ அப்பா?” அவள் சிரித்தாள். “கட்டாயம் போய்ப் பாக்கிறன்.”

அந்தச் சிரிப்பைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

ஜூனில் பெட்டிகள் வந்தன. கிருபன் ஒரு பையை விரித்தான். கரண்டி பிடித்த கை கேதீஸ்வரனுடையது. எண்ணெய் சுட்ட தழும்புகூட இருந்தது. முகம் வேறு யாரோ. வெளுத்த, நீண்ட முகம், கோடு போன்ற கண்கள், உச்சிக்கொண்டை.

முகம் ஜப்பானாக இருந்தால்தான் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும் என்றார் முதலாளி. அழகாக இருக்கிறதல்லவா என்றும் கேட்டார்.

“யா, யா,” என்றார் கேதீஸ்வரன்.

“விடுங்கோ அண்ணை. பிள்ளையாருக்கும் தலையைத்தானே மாத்தினவை.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மகளை நினைத்தார். கடையில் நின்று அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். சொல்ல ஒரு கிழமை பிடித்தது.

“பிள்ளை, அந்தப் பை...”

“ஐயோ, சொல்ல மறந்திட்டன். புதன்கிழமை போனனான் அப்பா. சூப்பர்! உங்கட முகம் அப்பிடியே இருக்கு. சிநேகிதப் பிள்ளையளுக்கும் காட்டினனான்.”

கேதீஸ்வரன் மேசையில் கிடந்த பையைப் பார்த்தார். தொலைபேசியின் அந்தப் பக்கம் யாரோ அவளைப் பிரெஞ்சில் கூப்பிட்டார்கள்.

“அப்பா? நிக்கிறியளோ?”

“ஓம் பிள்ளை.”

“ஏதோ சொல்ல வந்தியள்.”

“ஒண்டுமில்லை. படத்தை நல்லாக் கீறியிருக்கினம் எண்டு சொல்ல வந்தனான்.”